ஷீரடி போகிற வழியில் என் வீடு

எனக்கு லீவு கிடைத்த செய்தி, என்னோடு வேலை பார்த்தவர்களை எட்டுவதற்கு முன்னால் கோயம்புத்தூரில் இருக்கும் என் சொந்தக்காரர்களை எட்டிவிட்டது. புனேயில் இருக்கிற ஒரு பெண் ஆபீசுக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறாள் என்றால் அவர்களுக்கு அதில் ஒரே அர்த்தம்தான். ஷீரடிக்குக் கிளம்ப இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

லீவு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரும் மனமுவந்து கொடுக்கவில்லை.

எங்கள் வீடு லோஹேகாவ் பக்கம். வேலை ஹிஞ்சேவாடியில், ஊரின் மறுகோடியில். ஆள் குறைப்பு என்று டீமில் பாதிப்பேரை அனுப்பிவிட்டு, அவர்கள் பார்த்த வேலையை மீதி இருந்தவர்களின் தலையில் கட்டினார்கள். பெரிய பங்கு என் தலையில். பகலில் இங்கே இருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், சாயங்காலத்துக்கு மேல் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு. போனைப் பார்க்காமல் ஒரு வேளைச் சோறு தின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. என்ன தின்றேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தலைவலி மாத்திரை கைப்பையில் சில்லறைபோலக் கிடக்கும்.

ஒரு நாள் காலையில் கம்பெனி பஸ் ஆபீஸ் வாசலில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. இறங்கக்கூடாது என்று முடிவு செய்து உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்திரு என்று எனக்கு நானே சொல்கிறேன், கால் கேட்கவில்லை. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மேடம், உதர்னா நஹி ஹை கியா?" என்றார். இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? பதில் சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. மனிதர் பயந்துபோனார். பஸ்ஸை ஒரு மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தி, தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டிவிட்டு, வெளியே இறங்கி நின்றுகொண்டார். ஊர் நடுவில் கேம்ப் என்கிற பகுதியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் அந்த டிராஃபிக்கில் ஊர்ந்து வந்து சேரும்வரை நான் அந்த சீட்டிலேயே இருந்தேன். பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் வயிறு புரண்டது.

டாக்டர் ஒரு மராத்திப் பெண்மணி. என் வயதுதான் இருக்கும். நான் பேசி முடிக்கும்வரை ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அதற்கே அழுதேன். மூன்று மாதம் லீவு எழுதிக் கொடுத்தார். யோகாவில் சேர வேண்டாம், புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம், ஊர் சுற்ற வேண்டாம், முக்கியமாக யாரையும் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். சும்மா இருங்கள், அதுதான் மருந்து என்றார். கேட்க எவ்வளவு சுலபமாக இருந்தது!

அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா கோயம்புத்தூரில் என் தம்பியோடு இருக்கிறாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். பஸ், டிரைவர், டாக்டர், எதையும் மறைக்கவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"யாராவது கேட்டா, அவளுக்கு முடியலை, இப்ப யாரும் வராதீங்கன்னு சொல்லிரும்மா. அது போதும்."

"முடியலைன்னா என்ன முடியலைன்னு கேப்பாங்கல்ல கண்ணு? காய்ச்சலா, கர்ப்பப்பையான்னு தோண்டித் தோண்டிக் கேப்பாங்கொ. நா என்னத்தைச் சொல்லட்டும்?"

"வேலை பண்ணிப் பண்ணி ஓஞ்சுபோயிட்டான்னு சொல்லு."

"அதெல்லாம் ஒரு நோவாக்கும்? ஏசி ரூமுல உக்காந்திருக்கறவளுக்கு என்ன ஓய்ச்சல்னு சிரிப்பாங்கொ. அப்பறம் அந்தப் புள்ளைக்கு மனசு சரியில்லியாமான்னு ஊரெல்லாம் பேச்சாயிரும். உன்ற தம்பிக்கு இன்னும் பொண்ணு பாக்கோணும், நெனப்பிருக்கட்டும்."

ஆக, என் லீவுக்கும் தம்பி கல்யாணத்துக்கும் முடிச்சு விழுந்துவிட்டது. அம்மா எல்லோரிடமும் சொன்னது இதுதான்: லீவு போட்டிருக்கா, வீட்டுலதான் இருக்கா, சும்மாத்தான் இருக்கா.

முதல் சில வாரங்கள் நன்றாகவே போயின. அதைச் சொல்லாவிட்டால் நான் இழந்தது என்னவென்று தெரியாது. காலையில் வீட்டுக்காரர் கிளம்பியதும் பால்கனியில் டீயோடு உட்காருவேன். விமானப்படை விமானங்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு போவதுபோலச் சத்தத்தோடு போகும். முன்பெல்லாம் அந்தச் சத்தத்தில் போனில் பேச முடியாமல் பல்லைக் கடிப்பேன். இப்போது யாரிடமும் பேச வேண்டியதில்லை, போனால் போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மத்தியானம் தூக்கம் வந்தது. தூக்கம் என்றால் செத்ததுபோல ஒரு தூக்கம், எழுந்தால் கன்னத்தில் தலையணையின் வரி இருக்கும். ஒரு நாள் ரசம் சாதம் சாப்பிடும்போது ரசத்தில் உப்புக் குறைவு என்று எனக்கே தெரிந்தது. எழுந்துபோய் உப்பு எடுத்து வந்து போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரர் வந்ததும் முதல் வேலையாக அதைச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார்.

அப்போதுதான் பெரியம்மாவின் போன் வந்தது.

"ஏங்கண்ணு, லீவுல இருக்கறயாமா? உம்பட ஊட்டுலிருந்து ஷீரடி நேர் ரோடாமே? நானும் உன்ற பெரியப்பாவும் ஒரு எட்டு வந்துட்டுப் போயர்றோம். உனக்கும் பொழுது போகும்."

நேர் ரோடு என்பது உண்மைதான். ஷீரடிக்குப் போகிற நகர் ரோடு எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. ஏர்போர்ட்டும் பக்கம். வீடு பார்க்கும்போது இதையெல்லாம் சௌகரியம் என்று நினைத்தோம், எங்கள் புத்தியை என்னவென்று சொல்வது. எங்கள் பக்கம் விருந்தாளிகளை ஒரம்பரை என்போம். ஒரம்பரை வருகிறேன் என்று சொன்னால் வாங்க என்பது ஒன்றுதான் பதில். வேறு பதில் சொன்ன வீட்டைப் பற்றிக் கல்யாணப் பந்தியிலும் பேசுவார்கள், கருமாதிப் பந்தியிலும் பேசுவார்கள். நான் வாங்க பெரியம்மா என்றேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால், கைப்பையைத் திறந்து தலைவலி மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் போனை வைத்ததும் செய்கிற அதே வேலை.

"எப்படி வேண்டாங்கறது? பெரியவங்க ஆசைப்படறாங்க. ரெண்டு நாள்தானே?" என்றார் வீட்டுக்காரர். அவருக்கென்ன, காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கேம்ப்புக்குப் போய்விடுவார். சாயங்காலம் திரும்பி வந்து பெரியப்பாவோடு உட்கார்ந்து நியூஸ் பார்ப்பார்.

எங்கள் ஆட்களுக்கு சப்பாத்தி சோற்றுக் கணக்கில் சேராது. வழியில் தாபாவில் சாப்பிட்டால் வயிறு கெட்டுவிடும் என்பது பெரியப்பாவின் தீர்மானம். அதனால் ஷீரடிக்குக் கட்டுச்சோறு கட்ட வேண்டும். விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து புளிசாதம், தயிர்சாதம், பொடி தடவிய இட்லி, பெரியப்பாவுக்குச் சர்க்கரை என்பதால் தனியாகக் கோதுமை உப்புமா. கூடவே நானும் போக வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு இந்தி வராது. ஷீரடி வரிசையில், சனி சிங்னாபூர் கோயில் வாசல் எண்ணெய்க் கடையில், லட்சுமி ரோட்டு ஜவுளிக்கடையில், எல்லா இடத்திலும் நான்தான் வாய். "அம்மிணி, இந்த பைத்தனிச் சேலைல ஜரிகை நெசமாலுமே ஜரிகைதானான்னு கேளு." கேட்டேன். "கொறைச்சுக் குடுப்பானான்னு கேளு." கேட்டேன். "அந்த மயில் இல்லாம வேற காட்டச் சொல்லு." சொன்னேன். கடைக்காரர் பதில் சொல்வதைத் தமிழில் சொல்லி, இவர்கள் சொல்வதை இந்தியில் சொல்லி, இரண்டு பக்கமும் முகம் கோணாமல் பார்த்து... அடக் கடவுளே, இதற்குத்தானே ஹிஞ்சேவாடியில் சம்பளம் கொடுத்தார்கள்!

ரயில் ஏறும்போது பெரியம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "உனக்கென்ன சாமி, குடுத்து வச்சவ. லீவும் இருக்குது, சம்பளமும் வருது" என்றாள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை அவளுக்கு. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பேன்.

பெரியம்மா ஊருக்குப் போய் என் புளிசாதத்தைப் பற்றி நாலு பேரிடம் சொன்னாள். அவ்வளவுதான். அத்தை வீட்டார் வந்தார்கள். அவர்கள் போய்ப் படுக்கை விரிப்பு காய்வதற்குள் அத்தையின் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். சம்பந்தியின் சம்பந்தி என்று ஒரு குடும்பம் வந்தது, அவர்களை நான் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. லோஹேகாவ் ஏர்போர்ட்டில் ஆட்டோக்காரர்களுக்கு என் முகம் பழகிவிட்டது. ஒவ்வொருவரும் அதையேதான் கேட்டார்கள்: "வீட்டுல சும்மா இருக்கறது போரடிக்கலையா?" மாவு அரைத்துக்கொண்டே பதில் சொன்னேன். மத்தியானத் தூக்கம் போயிற்று. உப்பு மறுபடி தெரியாமல் போயிற்று.

ஒவ்வொரு கூட்டம் போன பிறகும் அம்மாவுக்குப் போன் செய்து சண்டை போட்டேன். கெஞ்சவும் செய்தேன். "அம்மா, உன் கால்ல வேணா விழறேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லு. அவளால முடியலை, வராதீங்கன்னு."

"தனியா உக்காந்திருந்தாத்தான் கண்டதையும் நெனைப்பே. நாலு சனம் வந்துபோனா மனசு தேறும்" என்றாள் அம்மா.

டாக்டருக்கு எதிர் டாக்டர் என் அம்மா.

பிறகு ஒரு நாள், தானே வருவதாகச் சொன்னாள். எனக்கு ஒரு நப்பாசை வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. என்னைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். வந்து இரண்டு நாள் சமையல் செய்வாள், நான் படுத்திருப்பேன், தலைக்கு எண்ணெய் வைப்பாள் என்றெல்லாம் நினைத்தேன். ஸ்டேஷனுக்குப் போனேன். அம்மா இறங்கினாள். பின்னாலேயே அவள் தெருப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள், ஒரு வேன் நிறைகிற அளவுக்கு. எல்லோர் கையிலும் சாமான் பை. "ஷீரடி போறேன்னு சொன்னனா, இவிகளும் வர்றேன்னாங்கொ. எப்படி வேண்டாங்கறது?" என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து எல்லோரையும் படுக்கவைத்து, மறுநாள் கட்டுச்சோறு கட்டி, வேன் பேசிக் கிளம்பினோம். வழியெல்லாம் பாட்டும் சிரிப்பும். ஒரு அக்கா புனேயில் மல்லிகைப்பூ முழத்துக்குக் கிடைக்காது என்பதை நம்பவே மாட்டேன் என்றாள். நான் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அவர் மராத்தியில் சொல்வதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஷீரடியில் வேன் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.

அதே கால், அதே வயிறு. மடியில் லேப்டாப் பைக்குப் பதிலாகக் கட்டுச்சோற்றுப் பை. டிரைவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார், காதில் ஏறவில்லை. அம்மா கதவருகில் வந்து, "எறங்கு கண்ணு, வரிசை நீண்டுட்டே போகுது" என்றாள். நான் தலையை ஆட்டினேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அம்மாவுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. நான் போனில் சொன்ன பஸ், அந்த டிரைவர், எல்லாம் அவள் முகத்தில் வந்துபோனதை என் கண்ணால் பார்த்தேன். என் கையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் திரும்பிப் பெண்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"வண்டி ஒத்துக்கலைங்க அவளுக்கு. சின்னதுலிருந்தே அப்படித்தான்."

பள்ளிக்கூடம் முடிக்கும்வரை டவுன் பஸ்ஸில் படிக்கட்டில் நின்றுகொண்டு போனவள் நான். எனக்கு வண்டி ஒத்துக்கொள்ளாதாம்! நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று பற்றிக்கொண்டது.

"வண்டி ஒத்துக்காம இல்லீங்கக்கா" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "வேலை பண்ணிப் பண்ணி எனக்கு ஒடம்பும் மனசும் விட்டுப்போச்சு. டாக்டர்கிட்டப் போய்ட்டிருக்கறேன். இந்த லீவே அதுக்குத்தான். யாரையும் கவனிக்கக்கூடாது, சும்மா இருக்கோணும்னு சொல்லியிருக்காங்க."

மல்லிகைப்பூ அக்கா, "ஏனம்மிணி, அப்ப நாங்கெல்லாம் வேலையே பண்ணாதவளுகளாக்கும்?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். இன்னொருத்தி என் தோளைத் தட்டி, "உள்ள வந்து ஒரு கும்பிடு போடு, எல்லாஞ் சரியாப் போயிரும்" என்றாள். சிரிக்காதவள் அம்மா மட்டும்தான். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. எனக்காக வெளுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி, தம்பிக்குப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்குத் தூரத்துச் சொந்தம்.

எல்லோரும் போனார்கள். அம்மாவும் போனாள். இரண்டடி போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டாள். வேனில் நானும் புளிசாத வாசனையும்தான் இருந்தோம். டிரைவர் வெளியே நின்று புகையிலை மென்றுகொண்டிருந்தார். எத்தனை நேரமோ தெரியாது.

திரும்பி வந்ததும் அம்மா என் நெற்றியில் விபூதி பூசினாள். கை சில்லென்று இருந்தது. மெதுவான குரலில், "உனக்காகத்தான் வேண்டிக்கிட்டேன்" என்றாள்.

"என்னன்னு?"

"சீக்கிரம் நல்லபடியா வேலைக்குப் போகோணும்னு."

நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். மறுநாள் ரயில் ஏறும்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். "அவிக முன்னால நீ அதைச் சொல்லியிருக்க வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

லீவு முடியப்போன சமயம் டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தார். வந்தபோது எப்படி இருந்தீர்களோ அப்படியே இருக்கிறீர்களே, என்ன செய்தீர்கள் இத்தனை நாளும் என்று கேட்டார். ஷீரடி போனேன் என்றேன். ஒரு தடவை போனீர்களா என்றார். விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். இன்னும் ஒரு மாதத்துக்குக் கடிதம் கொடுத்தார். கம்பெனியில் ஹெச்ஆர் பெண் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நீண்ட ஓய்வுக்குப் பிறகும் முடியவில்லையென்றால் இந்தப் பொறுப்பை வேறு ஒருவருக்குக் கொடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று மிக அன்பாகச் சொன்னாள். வீட்டுக் கடன் இருக்கிறது. நான் அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், மேனேஜர் எழுந்து வந்து கை கொடுத்தார். "நல்லா ரெஸ்ட் எடுத்திருக்கீங்க, முகத்துலேயே தெரியுது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நன்றி சொன்னேன். மத்தியானத்துக்குள் பழைய வேலையெல்லாம் என் பெயருக்கு வந்து சேர்ந்துவிட்டது. முந்தின வாரம் வேலையை விட்டுப் போன இன்னொருவனின் வேலையும் சேர்ந்து வந்தது.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் காலையில், பஸ் ஹிஞ்சேவாடி டிராஃபிக்கில் நின்றுகொண்டிருந்தபோது அம்மா போன் செய்தாள். குரலில் பழைய தெம்பு வந்திருந்தது.

"ஏங்கண்ணு, பஸ்ஸுல இருக்கறயா? சத்தம் கேக்குது. சின்ன மாமன் வீட்டுல ஷீரடி போறோம், உங்கூட்டுல தங்கிக்கட்டுமான்னு கேட்டாங்கொ."

போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நா பட்டுன்னு சொல்லிப்போட்டேன். அவளால முடியாதுங்கொ, இப்ப யாரும் போகாதீங்கொ, அவ ஆபீசுக்குப் போயிட்டிருக்கறான்னு. மாமன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசலை. பாவம், வேலைக்குப் போற புள்ளையைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு அவரே சொல்லிப்போட்டாரு. சரிதானே கண்ணு?"

"சரிம்மா" என்றேன்.

பஸ் ஆபீஸ் வாசலில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன்.